தலதா மாளிகைக்கு முன்னுக்கு இருக்கிறது ராஜா நினைவுச்சின்னம் இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பத்திரிகையில ஸ்கூல் லீவுக்கு கண்டி போறவங்களுக்குன்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, வாவி, பேராதனைப் பூங்கா, பெரஹரா எல்லாத்தையும் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா புத்தரோட பல் வச்சிருக்கிற தலதா மாளிகைக்கு முன்னுக்கு மகா மலுவன்ற திடல்ல இருக்கிற கெப்பெட்டிபொல நினைவுச்சின்னத்தை மட்டும் கண்டி ராஜா ஒருத்தரோட நினைவிடம்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அது தப்பு ஐயா. அவரு ராஜா இல்லை. ராஜாவுக்கு கீழ இருந்த திசாவே, படை நடத்துனவரு, அந்த கல்லுக்கு அடியில இருக்கிறது அவரோட தலை. ஒரு வரிக்காக இந்தாளு இவ்வளவு நீளமா எழுதுறானேன்னு கோபப்பட வேணாம், இதே தப்பை நானும் ஒரு தரம் பண்ணிட்டேன், அதுவும் பிள்ளைங்க முன்னுக்கு நின்னு பண்ணிட்டேன், அதனாலதான் பேப்பரை மடிச்சு வச்சிட்டு சும்மா இருக்க முடியல.

நான் ஊவாப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல 26 வருஷம் படிப்பிச்சவன். 2004ல ரெண்டு பஸ்ல பிள்ளைங்கள கண்டிக்கு டிரிப் கூட்டிட்டுப் போனோம், விடியக்காலம் மூணு மணிக்கு சோத்துப் பார்சல் கட்டிக்கிட்டு கெளம்புனது, கண்டிக்குப் போய்ச் சேரும்போதே பாதிப் பிள்ளைங்க வாந்தி எடுத்து சோந்து போயிருந்துச்சுங்க. மகா மலுவவுல புறாவுக்கு பொரி போட்டுக்கிட்டு நிக்கிற நேரம், பக்கத்துல வேற ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க அவங்க பிள்ளைங்களுக்கு சிங்களத்துல என்னவோ சொல்லிக்கிட்டு இருந்தாங்க, எங்க ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் அதைக் காது குடுத்துக் கேட்டுட்டு ஓடி வந்து, சேர் சேர், கெப்பெட்டிபொலன்னு சொல்றாங்க, அது எங்கப்பா லொறியில கெழங்கு ஏத்திட்டுப் போற ஊரு தானே, அந்த ஊரு பேரை எதுக்கு இங்க சொல்றாங்கன்னு கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி பாருங்க. வெலிமடைக்குப் பக்கத்துல இருக்கிற அந்த கெப்பெட்டிபொல எங்க பக்கத்து ஆளுங்களுக்கு மரக்கறிச் சந்தை, கெழங்கு, கோவா, கேரட் விலை பேசுற இடம், அந்தப் பேருக்குப் பின்னால ஒரு மனுசன் இருக்காருன்னு நாங்க ஒருத்தரும் யோசிச்சதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா, அது ஒரு பழைய ராஜா பேருப்பா, நட நட, மாளிகைக்கு லைன்ல நிக்கணும், நேரமாச்சுன்னு சொல்லிட்டேன். பொடியனும் சரி சேர்னு போயிட்டான். வாத்தியார் சொன்னா பிள்ளைங்க நம்பிரும், அதுதான் இதுல உள்ள வேதனையே.

பென்சனுக்குப் பொறகுதான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க ராத்திரியில தூக்கம் வரல, உண்மையைச் சொல்றேன். அதை உங்க வாசகருங்களுக்கும் கொஞ்சம் சொல்ல விடுங்க.

மொனரவில கெப்பெட்டிபொலன்றதுதான் அவரோட பேரு. ஊவாவுக்கு திசாவே. திசாவேன்னா ஏதோ ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போடுற ஆளு இல்லை, ஒரு பெரிய பிரதேசத்தோட வரி அவரு கையில, வழக்கு அவரு கையில, சண்டைன்னு வந்தா ஆள் திரட்டிக் கூட்டிட்டுப் போறதும் அவருதான். அவரோட தங்கச்சியா அக்காவான்றதை விடுங்க, கூடப் பொறந்தவங்க எஹெலப்பொல குமாரிஹாமி. 1814ல கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவங்க புருஷன், பெரிய பிரதானி எஹெலப்பொல மேல இருந்த கோபத்துல, அவரு கைக்கு அகப்படலன்னு, அந்தம்மாவையும் பிள்ளைங்களையும் கண்டியில வச்சு கொன்னுட்டாரு, பிள்ளைங்கள வாளால வெட்டி, அந்தம்மாவை போகம்பரை வாவியில முக்கி. அந்தப் பிள்ளைங்கள்ல ரெண்டாவது பையன் மத்தும பண்டார, அண்ணன் பயந்து ஒதுங்குன நேரம் தானா முன்னுக்கு வந்து கழுத்தை நீட்டுன பிள்ளை, அவனுக்கும் அதே மகா மலுவவுலதான் சிலை இருக்கு. அப்ப பாருங்க, ஒரே வளவுக்குள்ள மருமகன் சிலையா நிக்கிறான், தாய்மாமன் தலை கல்லுக்குள்ள இருக்கு. தாய்மாமன்னா என்னன்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லித் தரத் தேவையில்லை, காது குத்துக்கு மடியில வச்சுக்கிறவரு, பிள்ளைக்கு ஒண்ணுன்னா மொத ஆளா வந்து நிக்கிறவரு. நான் 26 வருஷமா பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் ரெண்டுக்கும் நடுவுல நடக்க விட்டிருக்கேன், இது ஒண்ணும் தெரியாம.

அந்த ராஜா யாரு, நாயக்கர் வம்சம், கண்ணுசாமின்னு பேரு, மதுரைப் பக்கத்துச் சொந்தம். கடைசி கண்டி ராஜா தமிழன்னு நம்ம ஆளுங்க மேடையில பெருமையா பேசுறதை எத்தனையோ தரம் கேட்டிருக்கேன், பேசுங்க, வேணாம்னு சொல்லல, கண்டி வாவியை வெட்டுனதும் மாளிகையில எட்டு மூலை பத்திரிப்புவ மண்டபம் கட்டுனதும் அவரு காலத்துலதான். ஆனா அந்தப் பெருமையைத் தூக்கும்போது குமாரிஹாமியையும் பிள்ளைங்களையும் சேத்துத்தான் தூக்கணும். 1815 பெப்ரவரி 18 அவரை மெதமகாநுவரப் பக்கம் வச்சுப் பிடிச்சாங்க, பொறகு வேலூருக்கு அனுப்பினாங்க, அங்கயே 1832ல செத்தாரு. வேலூர்ல பாலாத்துப் பக்கம் அவரோட சமாதியில தமிழ்நாட்டு அரசாங்கம் முத்து மண்டபம் கட்டி வச்சிருக்கு. ராஜாவோட நினைவிடம் தேடுறவங்க அங்கதான் போகணும், கண்டியில இல்லை.

1815 மார்ச் 2, கண்டி ராஜாவோட சபை மண்டபமான மகுல் மடுவவுல கண்டி ஒப்பந்தம். அதுல பிரதானிங்க போட்ட கையெழுத்துல மொனரவிலவும் ஒண்ணு. ஆமா, வெள்ளைக்காரனுக்கு நாட்டைக் குடுத்த பேப்பர்ல கெப்பெட்டிபொலவும் கையெழுத்துப் போட்டிருக்காரு, அதை மறைக்கக் கூடாது. ரெண்டரை வருஷத்துல என்ன ஆச்சுன்னா, ஒப்பந்தத்துல இருந்த மரியாதை ஒண்ணும் நடப்புல இல்லை, ராஜாவுக்கு அடுத்தாப்புல இருந்த பிரதானிங்களை சாதாரண சிப்பாய் கூட சட்டை பண்ணல, கும்பிட ஒரு ராஜா கண்ணு முன்னுக்கு இல்லாதது சனங்களுக்கு பெரிய கொறை. ஊவாப் பக்கத்து வெல்லஸ்ஸவுல ஹாஜின்னு ஒரு முஸ்லிம் வியாபாரியை வெள்ளைக்காரன் முஹாந்திரமா, அதாவது ஊர் அதிகாரியா நியமிச்சான், அது திசாவே அதிகாரத்துல கை வைக்கிற வேலை, அதோட கதிர்காமத்துப் பக்கம் இருந்து ஒருத்தரு கெளம்புனாரு. வில்பாவேன்னு பேரு, காவி போட்டுட்டு விட்டவரு, அவரு நான் தான் துரைசாமி, நாயக்க ராஜா சொந்தம், கதிர்காமத்துத் தெய்வமே என்னைத் தேர்ந்தெடுத்திருக்குன்னு சொன்னாரு. வருஷா வருஷம் கந்தனைப் பாக்க நடந்து போற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியுமா, சிங்களச் சனங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா எழும்பும்போது தூக்குன பேரு துரைசாமின்ற பேரு. 1817ல பதுளையில இருந்து விசாரிக்கப் போன வில்சன்ற வெள்ளைக்கார அதிகாரி அம்பு பட்டுச் செத்தான். கலவரம் பத்திக்கிச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததை நான் நிறுத்தி நிதானமா சொல்லணும், எனக்கு இந்தக் கதையிலயே இதுதான் பெரிசு. கவர்னர் ப்ரவுன்ரிக் கலகத்தை அடக்க யாரை அனுப்பினான், கெப்பெட்டிபொலவை. கையில சுமார் 500 பேர், துப்பாக்கி, தோட்டா எல்லாம் வெள்ளைக்காரனோடது. ஊவாவுக்குப் போனாரு, சனங்களைப் பாத்தாரு, அவங்க பக்கம் போயிட்டாரு. போகும்போது என்ன பண்ணாருன்னா, வெள்ளைக்காரன் குடுத்த துப்பாக்கியையும் தோட்டாவையும் அவங்களுக்கே திருப்பி அனுப்பிட்டாரு. யோசிச்சுப் பாருங்க ஐயா. எதிரில நிக்கப் போறது பெரிய படை வச்சிருந்தவன், தன் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வில்லும் அம்பும் கொஞ்சம் பழைய துவக்கும்தான், அந்த 500 பேரோட ஆயுதம் கையில இருந்தா எவ்வளவு உதவி. ஆனா நம்பிக் குடுத்த பொருள், அதை வச்சு குடுத்தவனைச் சுடுறது தர்மம் இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டு வெறும் கையோட எதிர்ப்பக்கம் போய் நின்னாரு. அது புத்திசாலித்தனமான்னு சண்டை தெரிஞ்சவங்க கேக்கலாம். நான் கேக்க மாட்டேன். எங்க தோட்டத்துல ஒரு கங்காணி இருந்தாரு, ஸ்ட்ரைக்ல எறங்குற அன்னைக்கு காலையில ஸ்டோர் சாவியைக் கொண்டு போய் பங்களாவுல துரை கையில குடுத்துட்டு வந்துதான் கொடி பிடிச்சாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. கெப்பெட்டிபொலவைப் படிக்கும்போது எனக்கு அந்த மனுசன் மொகம்தான் வந்துச்சு.

இன்னொண்ணும் யோசிக்கணும். கூடப் பொறந்தவளையும் மருமகப் பிள்ளைங்களையும் கொன்னது ஒரு நாயக்க ராஜா, அதே நாயக்க சொந்தம்னு சொல்லிக்கிட்டு வந்த ஒருத்தருக்காக இவரு தலையைக் குடுக்கத் துணிஞ்சிருக்காரு. சொந்தப் பகையைத் தள்ளி வச்சாரா, இல்லை ஒப்பந்தத்துல ஏமாந்த கோபமா, ரெண்டும்தான்னு நான் நினைக்கிறேன். அந்த துரைசாமி நிஜ துரைசாமி இல்லைன்னு பின்னால மடுகல்லேன்ற இன்னொரு தலைவரே அவரைப் பிடிச்சு வச்சு ஊருக்குச் சொல்லிட்டாரு, அதுல கலகம் ரொம்ப ஆடிப் போச்சு.

1818 முழுக்க வெள்ளைக்காரன் ஊவாவுல பண்ணதை படிக்க மனசு தாங்காது. வெல்லஸ்ஸன்னா லட்சம் வயல்னு அர்த்தம், அந்த வயலை நெருப்பு வச்சான், குளத்தை உடைச்சான், பலா மரம் தென்னை மரத்தை வெட்டினான், மாட்டைக் கொன்னான், பட்டினி போட்டே சனங்களை மடக்கினான். ஜோன் டேவின்னு அவங்க பட்டாளத்து டாக்டர் ஒருத்தர் அப்ப இங்க இருந்தவரு, அவரே எழுதி வச்சிருக்காரு, வெள்ளைக்காரன் பக்கம் ஆயிரம் பேர் அளவுல, அதுலயும் முக்கால்வாசி காய்ச்சல்ல, ஊர் சனங்க பக்கம் 10,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு. இன்னைக்கு பஸ்ல பிபிலை, மொனராகலைப் பக்கம் போகும்போது ஏன் இவ்வளவு வறண்டு கெடக்குன்னு கேக்குறவங்க, வானத்தை மட்டும் பாத்துப் பதில் தேடக் கூடாது. நம்ம ஆளுங்க கேட்டு வருத்தப்படுற இன்னொரு உண்மையும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்றேன், ப்ரவுன்ரிக் ஆள் போதலன்னு மெட்ராஸ்ல இருந்து சிப்பாய்ங்களை இறக்கினான். கடல் தாண்டி வந்தவனைக் கொண்டு மலையில இருந்தவனை அடிக்கிற வேலையை வெள்ளைக்காரன் தோட்டம் போடுறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிட்டான்.

கலகக்காரங்க கையில இருந்த புனித தந்த தாதுவும், அதான் புத்தரோட பல்லும், கடைசியில வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு, அது யாருகிட்ட இருக்கோ நாடு அவனுக்குன்றது கண்டிச் சனங்க நம்பிக்கை, அதோட சனங்க மனசு விட்டுப் போச்சு. ஒக்டோபர் கடைசியில கெப்பெட்டிபொலவை நுவரகலாவியப் பக்கம் வச்சுப் பிடிச்சாங்க. ராணுவக் கோர்ட்டு விசாரணை, மரண தண்டனை. நவம்பர் 21 ப்ரவுன்ரிக் ஒரு பிரகடனம் போட்டு பிரதானிங்க அதிகாரத்தையெல்லாம் பிடுங்கிட்டான், அஞ்சு நாள் கழிச்சு, 1818 நவம்பர் 26, போகம்பரையில வச்சு கெப்பெட்டிபொலவையும் மடுகல்லேவையும் வெட்டிட்டாங்க.

அந்தக் காலையைப் பத்தி அப்ப கண்டியில இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஹென்றி மார்ஷல் எழுதி வச்சிருக்காரு. வெட்டுறதுக்கு முந்தி கெப்பெட்டிபொலவை தலதா மாளிகைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிக்கு முன்னுக்கு மண்டி போட்டு தான் செஞ்ச நல்லதையெல்லாம் சொல்லி, அடுத்த பிறவியைக் கேட்டுக்கிட்டு, மேல கெடந்த துணியை அவுத்து மாளிகைக்கு காணிக்கையா குடுத்துட்டாரு, வேற ஒண்ணும் குடுக்க இல்லை அவருகிட்ட. அப்புறம் போகம்பரைக்கு. ஒரே வெட்டுல முடிக்கச் சொல்லி வெட்டுறவன்கிட்ட கேட்டுக்கிட்டாரு. தலைமுடியை எடுத்து மேல முடிஞ்சுக்கிட்டாரு, கழுத்து தெரியட்டும்னு. இடுப்புல இருந்த சின்னப் புத்தகத்தை எடுத்து கொஞ்ச நேரம் வாசிச்சாரு. ரெண்டு வெட்டு ஆச்சு.

இப்ப தலைக்கு வாறேன். அதே மார்ஷல் டாக்டர்தான் அந்த மண்டையோட்டை எடுத்து ஸ்கொட்லாந்துல எடின்பரோவுல இருந்த ஒரு சங்கத்துக்கு குடுத்தது. மண்டை ஓட்டு மேட்டைத் தடவிப் பாத்து மனுசன் கொணத்தைச் சொல்லலாம்னு அந்தக் காலத்துல ஒரு கூத்து, அதை விஞ்ஞானம்னு வெள்ளைக்காரன் நம்பினான், அந்தச் சங்கத்து மியூசியத்துல கண்டித் தலைவன் தலை ஒரு சாமான் மாதிரி இருந்துச்சு. ஆனா அதே கையால அதே மனுசன் தன்னோட புத்தகத்துல எழுதியிருக்காரு, இந்தக் கலகம் ஜெயிச்சிருந்தா கெப்பெட்டிபொலவை தேசபக்தன்னு கொண்டாடியிருப்பாங்க, தோத்ததால துரோகின்னு தண்டிச்சாங்கன்னு. தலையை எடுத்தவனுக்கே இது தெரிஞ்சிருக்கு ஐயா. தெரிஞ்சும் எடுத்தான். எனக்கு அவனை எப்பிடி நினைக்கிறதுன்னே வெளங்கல, அவன் எழுதி வைக்கலன்னா அந்தக் கடைசிக் காலை நமக்குத் தெரிஞ்சே இருக்காது, அதுவும் உண்மை.

சுதந்திரத்துக்கு அப்புறம் அந்தத் தலை நாட்டுக்குத் திரும்பி வந்து, 1954ல கண்டி நினைவுச்சின்னத்துக்குள்ள வச்சாங்க. எங்க வச்சாங்கன்றதைப் பாருங்க, அவரு வெட்டுப்பட்ட போகம்பரையில இல்லை, கடைசியாக் கும்பிட்ட மாளிகையைப் பாத்தாப்புல. குதிரை மேல வாளைத் தூக்கிக்கிட்டு நிக்கிற தளபதி சிலையெல்லாம் படத்துல நெறைய பாத்திருக்கோம், அதெல்லாம் ஜெயிச்சவன் சிலை. இதுல உள்ளுக்கு இருக்கிறது மனுசனே. 130 வருஷத்துக்கு மேல அன்னிய ஊர்ல கெடந்துட்டு வீட்டுக்கு வந்த ஆளு. ஜப்பான்ல செத்தாலும் அரேபியாவுல செத்தாலும் பெட்டி வீட்டுக்கு வந்துறணும்னு நாம இன்னைக்கு எம்பசிக்கும் ஏஜென்சிக்கும் அலையிறமே, அந்த வேதனை தெரிஞ்ச சனம் நாம. அதனாலதான் அதை ஒரு வரியில தள்ளிட்டுப் போறதைப் பாக்க எனக்கு வலிக்குது.

ஜெயிச்சவன் சிலை எங்க இருக்குன்னும் சொல்றேன். கொழும்புல ஜனாதிபதி மாளிகைக்கு முன்னுக்கு எட்வர்ட் பார்ன்ஸ் சிலை. வாட்டர்லூ சண்டையில காயப்பட்ட தளபதி, பொறகு இங்க கவர்னர். கொழும்புல இருந்து ரோட்டுக்கு மைல் கணக்கு எண்ண ஆரம்பிக்கிறதே அந்தச் சிலையடியில இருந்துதான். கடுகண்ணாவையில பஸ் ஏறி வரும்போது உசரமா ஒரு கோபுரம் தெரியும், அது கேப்டன் டோசனுக்கு, கண்டி ரோட்டைப் போட்ட பட்டாளத்து எஞ்சினியர், 1829ல செத்தாரு, 1832ல கூட்டாளிங்க காசு போட்டு கட்டுனாங்க. 1818ல மலைக்குள்ள ஆள் அனுப்பி சாமான் அனுப்பி வெள்ளைக்காரன் பட்ட பாடு கொஞ்சம் இல்லை, ரோடு இல்லாம கண்டியைப் பிடிச்சு வச்சிருக்க ஏலாதுன்னு அவனுக்கு வெளங்கிருச்சு. அதுக்குத்தான் அந்த ரோடு. ரோடு வந்தா பின்னாலயே கோப்பி வந்துச்சு, பார்ன்ஸே கண்ணொருவையில கோப்பித் தோட்டம் போட்டவன். கோப்பி வந்தா ஆள் வேணும். அந்த ஆளுங்கதான் நம்ம பாட்டன் பூட்டன், மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்து, வழியில எத்தனையோ பேரு செத்து, மீதிப் பேரு மலை ஏறுனவங்க. 2023ல நம்ம ஆளுங்க வந்து 200 வருஷம்னு சொல்லி தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆளுங்க நடந்தாங்களே, நானும் கடைசி நாள் மாத்தளையில போய் நின்னேன், கால் கொப்பளிச்சு வந்த வயசானவங்களைப் பாத்து அழுதேன். அந்த நடைக்கு ஆரம்பம் எங்கன்னு கேட்டா, நான் இப்ப போகம்பரையைத்தான் காட்டுவேன். கெப்பெட்டிபொல தோக்கலன்னா நம்ம லயம் இங்க இல்லை. இதைக் கேட்டா சிலருக்கு கோபம் வரும், அப்ப நாம வெள்ளைக்காரன் பக்கமான்னு கேப்பாங்க. இல்லைங்க. அவரு தலையை வெட்டி எடுத்த அதே கைதான் நம்ம ஆளுங்க முதுகுல கூடையை மாட்டுனது. பதுளையில தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே பஸ்ல போகுதுங்க, இந்தக் கதையில மட்டும் தனித்தனியா இருக்கணும்னு என்ன இருக்கு.

பேப்பர் விசயம் ஒண்ணு சொல்லிட்டு முடிச்சிடுறேன். 1818 ஜனவரி மாசத்து கெசட்டுல கெப்பெட்டிபொலவையும் மத்த தலைவருங்களையும் துரோகின்னு அறிவிச்சாங்க. அந்தத் துரோகிப் பட்டம், நாடு சுதந்திரம் ஆகி, தலை திரும்பி வந்து, நினைவுச்சின்னம் வச்சு, எல்லாம் ஆனப் பொறகும் எடுபடாமலே இருந்துச்சு. 2016 டிசம்பர்லதான் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதே மகுல் மடுவவுல வச்சு அந்த 19 பேரையும் தேச வீரர்னு அறிவிச்சு கையெழுத்துப் போட்டாரு. 198 வருஷம். கல்லு வச்சிட்டாங்க, பேரை ஊருக்கு வச்சிட்டாங்க, பேப்பர்ல துரோகி. இது மலையக ஆளுங்களுக்கு வெளங்குற மாதிரி வேற ஆருக்கும் வெளங்காது. 1948ல குடியுரிமைச் சட்டத்துல நம்மளை ஆருமில்லன்னு ஆக்கி, 1964ல இலங்கை இந்தியா ரெண்டு நாட்டுத் தலைவருங்க உக்காந்து அஞ்சே கால் லட்சம் பேரு அங்க, மூணு லட்சம் பேரு இங்கன்னு பிரிச்சு, 2003லதான் மிச்சப் பேரு எல்லாருக்கும் குடியுரிமை குடுக்க சட்டம் வந்துச்சு. எங்க சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்கு ராமானுஜம் கப்பல் ஏறிப் போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பாட்டி தலைமன்னார் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்து மூணு நாள் சாப்பிடல. ஒரு மனுசன் மண்ணுல ஒழைச்சு, மண்ணுக்காகச் செத்து, இருந்தும் ஒரு கடுதாசி அவனை யாருன்னு தீர்மானிக்குது. அதனால பத்திரிகையில வர்ற ஒரு வரியையும் நான் சின்ன விசயமா எடுக்க மாட்டேன், மன்னிச்சிருங்க.

நான் கேக்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல அந்த வரியைத் திருத்திப் போடுங்க, மூலையில சின்னதா இல்லாம பிள்ளைங்க கண்ணுல படுற மாதிரி. நவம்பர் 26 வரும்போது முடிஞ்சா தமிழ்ல ஒரு நல்ல கட்டுரை போடுங்க, துரைசாமின்ற பேரையும் மெட்ராஸ் சிப்பாயையும் விடாம. டிரிப் கூட்டிட்டுப் போற டீச்சர்மாருக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறேன், மகா மலுவவுல ஒரு பத்து நிமிசம் நில்லுங்க. முதல்ல மத்தும பண்டார சிலைக்கு கூட்டிட்டுப் போங்க, இவன் ஒங்க வயசுன்னு சொல்லுங்க, அப்புறம் இந்தக் கல்லுக்கு கூட்டிட்டு வந்து இவரு அவனோட தாய்மாமன்னு சொல்லுங்க, அப்புறம் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்த கதையைச் சொல்லுங்க. அப்புறம் மாளிகைக்குள்ள போங்க. பிள்ளைங்க சத்தம் போடாம வரும், நான் போன வருஷம் என் பேரப்பிள்ளைங்கள வச்சுப் பாத்துட்டேன். பெரியவ மட்டும் கேட்டா, தாத்தா, அந்தத் துணியை யாரு எடுத்து வச்சாங்கன்னு. அந்தக் கேள்வி எனக்கு ஒரு புத்தகத்துலயும் வரல.

2004ல என்கிட்ட கேட்ட அந்தப் பொடியனுக்கு இப்ப முப்பது தாண்டியிருக்கும். ஸ்கூலை விட்டு லொறிக்குத்தான் போனான்னு கேள்விப்பட்டேன், அப்ப இன்னைக்கும் வாரத்துல ரெண்டு தரமாச்சும் கெப்பெட்டிபொலவுக்கு கெழங்கு ஏத்திட்டுப் போய் வந்துக்கிட்டுத்தான் இருப்பான். தம்பி, இந்தப் பேப்பர்ல எங்கயாவது தேத்தண்ணிக் கடையில வடை சுத்திக் குடுத்து உன் கைக்கு வந்துச்சுன்னா இதைப் படி. நான் அன்னைக்கு சொன்னது பிழை. அவரு ராஜா இல்லைப்பா. உங்கப்பா லொறி போன ஊரு அவரு பேருல இருக்கிற ஊருதான், ஊவாவுக்கு திசாவேவா இருந்து, சனங்க பக்கம் போனவரு. நீ கேட்டது சரியான கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பண்டாரவளை.